பரணில் கிடக்கும் பல் குறடு: குமரி மாவட்டத்தில் பல் மருத்துவ வரலாறும் அதைக் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். பழைய பல் கருவிகளைச் சேர்த்து, அவற்றை யார் வைத்திருந்தார்கள், எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று எழுதி வைத்து வருகிறேன். இது தெரிந்தவர்கள் வீட்டுப் பரணிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள், கூடவே கேள்விகளும் கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேண்டுகோள்: பழைய பல் கருவி எது கிடைத்தாலும் அதை ஆக்கர் கடையில் எடைக்குப் போடும் முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

பல் மருத்துவம் எவ்வளவு பழையது?

நாம் நினைப்பதை விட ரொம்பப் பழையது. இன்றைய பாகிஸ்தானில், பலுசிஸ்தானத்தில், மெஹர்கர் என்ற புதிய கற்கால ஊர் இருந்தது. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களில் 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். காலம் ஏறத்தாழ 7500 முதல் 9000 ஆண்டுகளுக்கு முன். இந்த ஆய்வு 2006இல் நேச்சர் இதழில் வந்தது. மணிகளில் துளை போடப் பயன்பட்ட தீக்கல் முனைகளே இதற்கும் பயன்பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். துளைகளின் விளிம்பு மழுங்கித் தேய்ந்திருந்தது. அதாவது, பல்லைத் துளைத்த பிறகும் அந்த மனிதர்கள் அதே பல்லால் மென்று சாப்பிட்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது செய்த வேலைதான் என்பதற்கு அதுவே சாட்சி.

இத்தனை ஆயிரம் வருடம் கழித்தும் இதெல்லாம் தெரிய வருவதற்குக் காரணம் பல்லேதான். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் எனாமல். எலும்பு மண்ணாகிப் போன இடத்திலும் பல் நிற்கும். பல்லில் படிந்த காரைக்குள்ளே அந்த ஆள் சாப்பிட்ட உணவின் துணுக்குகூட மாட்டிக்கொண்டிருக்கும்.

பல்லில் புழு இருக்கிறது, கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் விழும் என்று பாட்டி சொல்வாரே, அது பொய்யா?

பாட்டி பொய் சொல்லவில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வருடங்கள் நம்பியதைத்தான் அவரும் சொன்னார். பாபிலோனியக் களிமண் பலகைகளில் பல் புழுவை விரட்டும் மந்திரமே இருக்கிறது. ஐரோப்பாவில் ஹென்பேன் என்ற செடியின் விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தார்கள். நம் ஊரில் கண்டங்கத்திரி. இரண்டும் கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடிகள்தான், பாருங்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளிருக்கும் முளை வெளியே வந்தால் அது வெள்ளைப் புழு போலவே இருக்கும் என்று ஹென்பேனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணால் கண்டதை யார் சந்தேகப்படுவார்கள்?

பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் பல் அறுவை மருத்துவத்துக்கென்றே ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நுண்ணோக்கியில் பார்த்தும் தனக்கு எந்தப் புழுவும் கிடைக்கவில்லை என்று அதில் எழுதினார். பல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிறுத்திய நூல் அது. ஆனாலும் சொத்தை எப்படி வருகிறது என்று தெளிவாக விளங்க 1890 ஆனது. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்குகிறது, அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது என்று பெர்லினில் இருந்த வில்லோபி மில்லர் விளக்கினார்.

பல் காட்சியகம் ஒன்று நம் மாவட்டத்தில் வந்தால் கண்டங்கத்திரிக் காய்ந்த பழத்தையும் ஃபோஷாரின் கதையையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. நம்பிக்கையைக் கேலி செய்ய அல்ல. மனிதர்கள் வலியோடு எப்படி மல்லுக்கட்டினார்கள் என்று காட்ட.

நம் மாவட்டத்துக்கும் பல் மருத்துவ வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

குமரியின் வாயைப் பற்றிப் பேசினால் முறுக்கானைப் பற்றிப் பேசாமல் முடியாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. தென்திருவிதாங்கூரில் கல்யாண வீட்டில், வரப்பில், சந்தையில், வள்ளத்தில் என்று எங்கும் முறுக்கான் இருந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தையாக இருந்தது. அரசே அந்த விற்பனையைத் தன் தனியுரிமையாக வைத்துச் சம்பாதித்த காலமும் உண்டு. இந்த முறுக்கானின் கணக்கு கடைசியில் வந்து நின்ற இடம் நெய்யூர் ஆஸ்பத்திரி.

நெய்யூரில் மிஷன் மருத்துவம் 1838இல், லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயுடன் தொடங்குகிறது. ஏறத்தாழ நூறு வருடம் கழித்து அங்கே வேலை பார்த்தவர் ஹோவர்ட் சாமர்வெல். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர். முதல் பயணம் முடிந்து தெற்கே வந்தபோது நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே தங்க முடிவு செய்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவர் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்வார்கள்.

அதே நெய்யூரில் இருந்த டாக்டர் ஐ. எம். ஓர் (I. M. Orr), 1933இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்று, அதன் காரணம், சிகிச்சை ஆகியவைதான் பொருள். வாய்ப்புற்றைப் பற்றி இன்று உலகில் எங்கே ஆய்வு எழுதினாலும் முன்னோடியாக அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்த குதப்பலும் கன்னத்தில் வந்த புண்ணும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததை நெய்யூர் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நம் ஆட்களின் வாயிலிருந்துதான் உலகம் படித்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது ரொம்பப் பின்னால், 2004இல்.

நம் ஊர்க் குழந்தைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? நெய்யூருக்கு ஒரு பேருந்து தூரத்தில் வளர்ந்த எனக்கே கல்லூரிக்குப் போகும்வரை யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. காட்சியகம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

வெற்றிலைச் செல்லமும் கோளாம்பியும் (எச்சில் துப்பும் பாத்திரம்) பல் மருத்துவப் பொருளா? அது சாதாரண வீட்டுச் சாமான் இல்லையா?

வாயில் என்ன நடந்தது என்று சொல்லும் பொருள் எல்லாமே பல் வரலாற்றுக்குச் சேர்ந்தவைதான். ஓர் உதாரணம்: வெற்றிலை இடிக்கும் சிற்றுரல். இரும்பிலோ வெண்கலத்திலோ, கைக்குள் அடங்கும் அளவில், ஒரு சின்ன உலக்கையோடு இருக்கும். அது எதற்காக வந்தது? பல் கொட்டிய பிறகும் முறுக்கானை விட மனமில்லாத தாத்தா பாட்டிகளுக்காக. உரலின் அடியில் உள்ள பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் இடித்து வழவழவென்று குழிந்திருக்கும். அந்த வீட்டில் ஒருவர் எத்தனையோ வருடம் பல்லில்லாமல் வாழ்ந்தார் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

பாக்குவெட்டி, சங்கிலியில் கோத்த பல்குத்தியும் காதுக்குறும்பி எடுக்கும் குச்சியும், சுண்ணாம்புக் கரண்டகம் எல்லாம் இதே வரிசை.

உமிக்கரி, மாவிலை, ஈர்க்கில் இதையெல்லாம் எப்படிக் காட்சிக்கு வைப்பது?

செய்முறையாக வைக்க வேண்டும். “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று எழுதித் தொங்கவிட்டால் போதாது. உமிக்கரியை எப்படிக் கருக்கினார்கள், உப்பும் மிளகும் எவ்வளவு சேர்த்தார்கள், பழுத்த மாவிலையின் நடுநரம்பை உருவிவிட்டு எப்படி மடித்துத் தேய்த்தார்கள், தென்னை ஈர்க்கிலை இரண்டாகக் கிழித்து நாக்கை எப்படி வழித்தார்கள் என்று செய்து காட்டச் சொல்லிப் படம் பிடித்து வைக்க வேண்டும். இதைத் தினமும் செய்து பழகியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இப்போதே பிடித்தால்தான் உண்டு.

நைலான் நார் வைத்த பல் துலக்கி கடைக்கு வந்ததே 1938இல்தான். அதற்கு முன் துலக்கிகளில் இருந்தது பெரும்பாலும் பன்றி மயிர். உமிக்கரியைப் பற்றிக் கேட்டால் நோயாளிகளிடம் நான் சொல்வது இதுதான்: அதிகம் தேய்த்தால் எனாமல் தேயும், தினசரி வேண்டாம். வரலாறாகப் போற்றுவது வேறு, மருந்தாகப் பரிந்துரைப்பது வேறு.

மயக்க மருந்து வருவதற்கு முன் பல்லை எப்படிப் பிடுங்கினார்கள்?

வலியோடுதான். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் பல் சாவி என்ற கருவி இருந்தது. பார்க்கப் பழைய பூட்டுச் சாவி போலவே இருக்கும், நுனியில் ஒரு கொக்கி. கொக்கியைப் பல்லில் மாட்டிச் சாவியைத் திருகினால் பல் பெயரும். சில நேரம் தாடையும் சேர்ந்து உடையும். 1840 வாக்கில் லண்டனில் ஜான் டோம்ஸ் பல்லின் வடிவத்துக்கே பொருந்தும் குறடுகளை வடிவமைத்த பிறகு சாவி மெல்ல மறைந்தது.

வலியை நிறுத்தியதிலும் முன்னே நின்றவர்கள் பல் மருத்துவர்கள்தான் என்பதை நான் பெருமையோடு சொல்வேன். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் சிரிப்பு வாயுவை முகர்ந்துகொண்டு தன் சொந்தப் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்தார். 1846 அக்டோபர் 16ஆம் தேதி பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்து அறுவை சிகிச்சைக்கு வழி காட்டினார். அவரும் பல் மருத்துவர். இன்று நாங்கள் போடும் மரப்பு ஊசியின் மருந்தான லிக்னோகெயினைச் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கியது 1943இல்.

அதற்கு முன்னெல்லாம் ஜெபம்தான் கைகொடுத்தது. நம் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் பெயர் தெரியாத வீடு இல்லை. பல்வலிக்கான புனிதை அப்பொலோனியா. கி.பி. 249 வாக்கில் அலெக்சாந்திரியாவில் பற்களை உடைத்துக் கொல்லப்பட்டவர். படங்களில் அவர் கையில் ஒரு குறடும் அதன் நுனியில் ஒரு பல்லும் இருக்கும்.

இந்தியாவில் இது படிப்பாக வந்தது எப்போது?

1920இல், கொல்கத்தாவில். அமெரிக்காவின் அயோவாவில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது தன் முயற்சியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. 1948இல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் வரலாறு தேடுபவர்களுக்கு முக்கியமான ஒரு விஷயம் உண்டு. பட்டம் இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் தொழில் செய்து வந்தவர்களைப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவிடமோ மாமாவிடமோ கூட இருந்தே தொழில் கற்றவர்கள் பலர் இப்படிச் சட்டப்படி பல் மருத்துவர்கள் ஆனார்கள். உங்கள் தாத்தாவின் பழைய போர்டோ சான்றிதழோ கிடைத்தால் அந்தத் தலைமுறையாக இருக்கலாம். அது குப்பை அல்ல.

சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு 1953இல் தொடங்கியது, திருவனந்தபுரத்தில் 1959இல். இப்போது நம் மாவட்டத்திலேயே குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பல்லுக்கென்று தனி அருங்காட்சியகம் உலகில் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் பால்டிமோரில் தேசியப் பல் மருத்துவ அருங்காட்சியகம் 1996இல் திறந்தது. அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் தொடங்கியது அந்த ஊரில்தான். லண்டனில் பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1895இல் பிரிட்டனில் பல் மருத்துவராகத் தகுதி பெற்ற முதல் பெண்மணி லிலியன் லிண்ட்சே. அவர் 1919இல் கொடுத்த சில பழைய கருவிகளிலிருந்துதான் அந்தத் தொகுப்பு வளர்ந்தது. ஒருவருடைய இழுப்பறையில் இருந்த சாமான். அவ்வளவுதான்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரப்பல் இருந்தது உண்மையா?

இல்லை. அவருடைய பல்செட்டுகளில் இருந்தது நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், ஈயம், உலோகக் கம்பிகள். ஒரு முழு செட் மவுண்ட் வெர்னனில் இன்றும் இருக்கிறது. பொருளைப் பாதுகாத்து வைத்ததால்தான் கட்டுக்கதையைத் திருத்த முடிந்தது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குறடு என்றால் மூக்கைப் பாருங்கள். இரண்டு அலகும் கூராக இருந்தால் கீழ்க் கடைவாய்க்கு. ஏனென்றால் கீழே பல்லுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேர், நடுவே இரு பக்கமும் இடைவெளி. ஓர் அலகு மட்டும் கூர், மற்றது உருண்டை என்றால் மேல் கடைவாய்க்கு. மேலே கன்னத்துப் பக்கம் இரண்டு வேர், அண்ணத்துப் பக்கம் ஒரு வேர். கூர் அலகு கன்னத்துப் பக்கத்து இரு வேர்களுக்கு நடுவே இறங்கும். அதனால் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று ஜோடியாக இருக்கும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் அதன் ஜோடியை இன்னும் நன்றாகத் தேடுங்கள். வளைவின் உள்பக்கம் ஊர்ப் பெயரோ கம்பெனி முத்திரையோ எண்ணோ பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தையல் மெஷின் போலக் கால் மிதியும் சக்கரமும் ஒரு நீண்ட தண்டும் இருந்தால் அது காலால் மிதிக்கும் பல் துளைக் கருவி. ஜேம்ஸ் மாரிசன் 1871இல் காப்புரிமை பெற்ற வகை. மருத்துவர் ஒரு காலில் நின்று மறு காலால் மிதித்துக்கொண்டே நோயாளியின் பல்லைக் குடைவார். 1957இல் வந்த காற்றுத் துளைக் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றைத் தொட்டது. மிதிகருவி சில நூறிலிருந்து இரண்டாயிரம் சுற்றுவரைதான். மரண வேதனை என்று பெரியவர்கள் சொல்வது இந்த வேகக் குறைவைத்தான்.

இறுக்கமான மூடி, பெரிய திருகு, மேலே வெப்பமானி அல்லது அழுத்தமானி உள்ள செம்புப் பாத்திரம் ஒன்று கிடைத்தால் அதைப் பிரஷர் குக்கர் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பல்செட் ரப்பரைக் கந்தகத்தோடு வேக வைத்துக் கெட்டியாக்கும் பானை அது. 1850களிலிருந்து அக்ரிலிக் வரும்வரை, ஏறக்குறைய நூறு வருடம், உலகெங்கும் பல்செட் என்றால் அந்தக் கெட்டி ரப்பர்தான். யானை விலை கொடுக்க முடியாத சாதாரண மக்கள் வாய் நிறையச் சிரிக்க முடிந்தது அதனால்தான்.

துரு பிடித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டு வரவா?

தயவுசெய்து வேண்டாம். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஒருமுறை நல்ல பழைய குறடு ஒன்று என்னிடம் வந்தது. கொண்டு வந்தவர் என்மேல் உள்ள மதிப்பில், கடையில் கொடுத்துப் பாலிஷ் போட்டுக் கொண்டு வந்திருந்தார். முத்திரை இருந்த இடம் வெறும் மினுமினுப்பு. எங்கே செய்தது, எப்போது செய்தது, ஒன்றும் சொல்ல முடியாமல் போனது.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பருத்திக் கையுறையோ ரப்பர் கையுறையோ போட்டுக்கொள்ளுங்கள், கை வியர்வையின் உப்பே துருவுக்கு விதை. மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டுங்கள். தண்ணீர், எலுமிச்சை, புளி, பேக்கிங் சோடா எதுவும் வேண்டாம். எண்ணெய் தடவினால் தூசி ஒட்டும். நம் மாவட்டத்தில் கடல் காற்றும் இரண்டு பருவமழையும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். ஆகவே மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல் நனைந்ததும் மாற்றுங்கள். சுவரை ஒட்டிய மர அலமாரி மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், கவனம்.

பழைய சிவப்பு ரப்பர் பல்செட்டை எப்படி வைப்பது?

இருட்டில், காய்ந்த இடத்தில். வெளிச்சம் பட்டால் கெட்டி ரப்பர் பழுப்பேறி, உள்ளிருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து மேற்பரப்பில் அமிலமாகும். அதனால் வெள்ளிச் சாமான், வெள்ளிக் கம்பி எதையும் அதே டப்பாவில் வைக்கக் கூடாது, கறுத்துவிடும். வெந்நீரில் கழுவ வேண்டாம்.

தந்தத்தில் செய்த பல்லோ பிடியோ இருந்தால்?

அவசரப்பட்டு விற்கவோ யாருக்கும் பரிசளிக்கவோ கூடாது. யானைத் தந்தத்தின் வணிகம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முழுவதும் தடை. வைத்திருப்பதற்கே உரிமைச் சான்று தேவைப்படும். வனத்துறையிடம் முறைப்படி கேளுங்கள். நீர்யானைத் தந்தமா, எலும்பா, போர்சலைனா என்று தெரியாத நிலையிலும் இதையே செய்யுங்கள்.

கைபடாமல் விட வேண்டியது எது?

மூன்று. முதலாவது பாதரசம். சொத்தை அடைக்க வெள்ளிப் பொடியோடு கலந்த பாதரசம் பழைய டிஸ்பென்சரிகளில் சின்னப் புட்டிகளில் இருக்கும். திறக்காதீர்கள், கொட்டினால் ஆவி நுரையீரலுக்குப் போகும், குழந்தைகளை விலக்கி வையுங்கள். இரண்டாவது, பல் நரம்பைச் சாகடிக்க அந்தக் காலத்தில் வைத்த ஆர்சனிக் பசை. சுண்டைக்காய் அளவு டப்பாவிலும் விஷம்தான். லேபிள் அழிந்த மருந்துப் புட்டி எதுவானாலும் அப்படியே விடுங்கள். மூன்றாவது ரேடியம். வாய்ப்புற்றுக்கு ரேடியம் ஊசிகள் வைத்துச் சிகிச்சை செய்த காலம் ஒன்று உண்டு. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும். அப்படி ஏதாவது என்று சந்தேகம் வந்தால் தொடாமல் விலகி, மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்ரே மெஷினைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். மின்சாரம் இல்லாமல் அதிலிருந்து கதிர் வராது. அதை நீங்களே பிரிக்காமல் இருந்தால் போதும்.

பிடுங்கிய பற்களும் நோயாளிப் பதிவேடுகளும் இருக்கின்றன. காட்சிக்கு வைக்கலாமா?

பற்கள் மனித உடலின் பகுதி. கற்பிக்கச் சேர்த்த பற்களைக் கல்லூரியில் வைக்கலாம், ஆனால் வேடிக்கைப் பொருளாக வைப்பதை நான் ஏற்க மாட்டேன். பதிவேடுகளில் பெயர், ஊர், நோய் எல்லாம் இருக்கும். நம் ஊரில் பெயரும் வீட்டுப் பெயரும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகாது. பெயர்களை மறைத்த பிறகுதான் யாருக்கும் காட்ட வேண்டும். எரித்துவிடவும் வேண்டாம். எந்த வருடம் எத்தனை பல் பிடுங்கினார்கள், எத்தனை அடைத்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஆசான் வீட்டு ஏட்டுச்சுவடியில் பல் மருந்து இருக்கிறது. படித்துப் பயன்படுத்தலாமா?

குமரியில் வர்மமும் சித்த மருத்துவமும் ஆசான் வழியாக வந்தவை. சுவடிகளும் குடும்பத்தோடு இருக்கின்றன. சுவடியைக் குடும்பத்திடமே விட்டுவிட்டு, அனுமதி வாங்கி நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு ஏடாகப் படம் எடுப்பது போதும். எண்ணெய் பூசுவது, மை தடவுவது பழகியவர் வேலை. மருந்தைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டாமல் வாயில் வைக்க வேண்டாம். 75 வருடம் தாண்டிய, அறிவியல் அல்லது வரலாற்று மதிப்புள்ள சுவடி 1972 தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வெளிநாட்டுக்காரர் விலை பேசினால் இதை நினைவில் வையுங்கள்.

பழைய ஆவணங்களை எங்கே தேடுவது?

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய அரசு மருத்துவக் காகிதங்களுக்குத் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும். லண்டன் மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. பழைய சபைகளின் ஆண்டு மலர்களையும் விட்டுவிடாதீர்கள்.

யாரிடம் கொடுப்பது? இங்கே வாங்க ஆள் இருக்கிறதா?

கன்னியாகுமரியில் தமிழக அரசின் அருங்காட்சியகம் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை நம் தக்கலைப் பக்கத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. எந்த அருங்காட்சியகமும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாது, இடமும் ஆளும் குறைவு. முதலில் கடிதம் எழுதி, படம் அனுப்பிக் கேளுங்கள். கொடுத்தால் கொடுத்ததற்கு எழுத்துப்பூர்வமான ரசீதும், பொருளின் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் கொடுத்த பொருள் அடுத்த அதிகாரி வந்ததும் யாருடையது என்று தெரியாமல் போகும்.

என் கருத்தைக் கேட்டால், பெரிய கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு கல்லூரி வராந்தாவில், ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில், பூட்டு போட்ட ஒரு கண்ணாடி அலமாரி போதும். பல்வலியோடு காத்திருப்பவர்தான் அந்தக் குறடை மற்றவர்களை விடக் கவனமாகப் பார்ப்பார்.

பொருளோடு என்ன எழுதி வைக்க வேண்டும்?

பொருளின் மேலேயே பேனாவால் எழுதாதீர்கள். கெட்டி அட்டையில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலால் கட்டுங்கள். யாருடையது, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடங்களில் பயன்பட்டது, எப்படிக் கைமாறி வந்தது, இந்தக் குறிப்பைச் சொன்னது யார். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். அப்புறம் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

பெரியவர்களிடம் என்ன கேட்பது? அவர்கள் பேச மாட்டேன் என்கிறார்களே.

பல் மருத்துவத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் பேச மாட்டார்கள். முதல் பல்லைப் பிடுங்கியது யார், எங்கே உட்கார வைத்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டது யார், எவ்வளவு காசு, அன்றைக்கு என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய டென்டல் மெக்கானிக்குகள் கிடைத்தால் விடாதீர்கள். ரப்பர் எங்கிருந்து வாங்கினார்கள், பானையை எத்தனை நேரம் வைத்தார்கள், அளவு சரியில்லாமல் திரும்பி வந்த பல்செட்டை எப்படிச் சரி செய்தார்கள் என்று கை வேலையைப் பற்றிக் கேட்டால் மடை திறந்ததுபோலப் பேசுவார்கள். செல்போனில் பதிவு செய்தால் போதும். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவரின் சம்மதம் மூன்றும் அவர் குரலிலேயே இருக்கட்டும். பதிவை ஒரே போனில் மட்டும் வைக்காமல் வேறு ஓர் இடத்திலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.